முப்பது அங்குலம்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருவோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் விஜயகலா வாசலுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

மகள் டிலக்ஷிக்கு ஜனவரியில் முதலாம் வகுப்பு. கொடுத்த விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. கேகாலை டவுனை ஒட்டிய இந்த வாடகை வீட்டில் அவர்கள் ஆறு வருடமாக இருக்கிறார்கள். பள்ளிக்கூட மணி அடித்தால் குசினியில் கேட்கும். ஆனால் இருப்பதற்குத் தாள் இல்லை. வாடகை ஒப்பந்தம் எழுதவே இல்லை. கரண்ட் பில் வீட்டுக்காரம்மாவின் இறந்துபோன கணவர் பெயரில். வாக்காளர் இடாப்பில் விஜயகலாவும் சதீஸும் இன்னும் கரவனெல்லைப் பக்கத்துத் தோட்ட லயத்தில்தான் குடியிருந்தார்கள். பொலிஸில் குடியிருப்பைப் பதிந்த தாள் இந்த 2007ஆம் வருடத்துடையது. பள்ளிக்கூடம் கேட்பது ஐந்து வருடம்.

மேன்முறையீடு எழுதிப் போட்டதில் ஒரு வழி திறந்தது. பள்ளிக்கூடத்து உப அதிபர் நேரில் வந்து பார்ப்பார். குடியிருக்கிற வீடுதான் என்று அவருக்குப் பட்டால் இடம். படாவிட்டால் டிலக்ஷியைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அங்கே ஐந்து வகுப்புக்கும் ஒரே கட்டிடம், ஒரே வாத்தியார். விஜயகலா படித்த கட்டிடம்தான். அங்கே ஐந்து முடித்து வெளியே போயும் அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

இந்த நேரம் பார்த்துத்தான் குசினி மேடையை உடைத்தார்கள்.

சிவப்புச் சீமெந்து பூசிய மேடை. இவர்கள் குடிவந்தபோதே பழசு. அடுப்புக்கு முன்னால் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. தேங்காய் துருவுகிற மெஷினை மாட்டி முறுக்கி முறுக்கி விளிம்பு உதிர்ந்துபோயிருந்தது. ஒரு மூலையில் கம்பி வெளியே வந்து கையைக் கிழிக்கும். அடுப்பின் இடப்பக்கம் ஒரு மஞ்சள் கறை. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இரண்டு வருடமாக அவள் கேட்டாள். மழை விடட்டும் என்றார் வீட்டுக்கார ஸுலைஹா மாமி. மழை இரண்டு தடவை விட்டது. பிறகு இந்தத் திங்கட்கிழமை, யாரும் கேட்காமல், மேசன் வேலுசாமி பாஸ் சம்மட்டியோடு வாசலில் வந்து நின்றார். உடைத்த கல்லையும் கம்பியையும் அன்றைக்கே லொறியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் இருந்த அடுப்புப் புகையை மறைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். வியாழக்கிழமை பின்னேரம் வெள்ளை டைல் ஒட்டி முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. வேலுசாமி பாஸ் டைல் இடுக்குகளில் வெள்ளைச் சீமெந்து நிரப்பி, ஈர ஸ்பொஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நாளை வரைக்கும் தண்ணி படக் கூடாது. பாரமும் வெக்காதீங்க."

"இன்னைக்குச் சமைக்கணுமே, அண்ணே."

"கீழ வெச்சுச் சமைங்க. லயத்துல நம்ம ஆளுக குந்திக்கிட்டுத்தானே ஆக்குனாங்க. யாருக்குக் கொறஞ்சுச்சு?"

"இப்ப மட்டும் குந்தச் சொல்லுங்க. ஒங்க வீட்டுல ஒங்க சம்சாரத்துக்கு டைல் ஒட்டிக் குடுத்தீங்களா?"

"மேசன் வீட்டுல எங்கேம்மா டைல் இருக்கு?"

அவள் சிரித்தபடி மேடை ஓரம் போய் நின்றாள். மரக்கறி வெட்டுவதுபோலக் கையை வைத்துப் பார்த்தாள். கை கீழே போனது. கையோடு முதுகும் போனது.

இன்னொரு தடவை நேராக நின்று வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, இது பதிஞ்சு இருக்கே."

"முப்பது அங்குலம்."

"பழசு இவ்வளவு கீழ இல்ல."

"இல்லதான். நான் வெச்சிருந்தா முப்பத்திநாலு வெச்சிருப்பேன். நீங்கதான் பாக்கு மரமாட்டம் நிக்கிறீங்களே. சமைக்கிறவங்க மொழங்கையிலருந்து ஒரு சாண் கொறைக்கிறது நம்ம கணக்கு. ஆனா மாமி நூல் குடுத்து விட்டாங்க. முடிச்சுப் போட்டு."

"யாரு மொழங்கை?"

வேலுசாமி பாஸ் ஸ்பொஞ்சைப் பிழிந்தார். பிழிந்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

"அபீபா புள்ளையோடது. அதுக்குத்தானே வீடு? ஹஜ் பெருநாள் முடிஞ்சு கல்யாணம். மாப்பிள்ளை பொண்ணு வீட்டோட வந்து இருக்கிறதுதானே அவங்க வழக்கம்." அவள் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னாங்க," என்றாள் விஜயகலா.

அபீபா ஸுலைஹா மாமியின் மகள். விஜயகலாவின் தோள் உயரம்தான் இருப்பாள்.

இந்த மேடை தனக்கு என்று நினைத்து, நாலு நாளாகத் தரையில் குந்திச் சமைத்ததை அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். மேசன்மாருக்கு இரண்டு வேளையும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மாமியின் வீட்டுக்கே போய், "இப்பவாவது செஞ்சு குடுத்தீங்களே" என்று நன்றி வேறு சொன்னாள்.

நேரே போய்க் கேட்டுவிடலாம். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட பக்கத்து வீடுதான். பத்து அடி நடந்தால் போதும்.

அவள் நடக்கவில்லை. பதினொரு மணிக்கு வருகிறவர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அக்கம்பக்கம் என்றால் ஸுலைஹா மாமிதான். இன்றைக்கு மாமியோடு முகத்தைக் கோணினால் நாளைக்கு டிலக்ஷி தோட்டத்தில்.

ஒன்பது மணிக்கு மாமியே வந்தார். நோன்பு பிடித்த முகம், உதடு காய்ந்திருந்தது. உள்ளங்கையால் டைலைத் தடவிப் பார்த்தார்.

"மிச்சம் வடிவா ஈக்கி."

"ஆமா மாமி. நல்லா இருக்கு."

"ஒயரம் சரியா, புள்ள?"

கேட்டுவிட்டு மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விஜயகலா அந்த முதுகைப் பார்த்தாள்.

"பழகிக்குவேன், மாமி. பதினொரு மணிக்கு அவங்க வருவாங்க. வீட்டுல இருப்பீங்கதானே?"

"நோன்போட நான் எங்க போற?"

மாமி வந்த வேகத்தில் போனார். செருப்பை வலம் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

சதீஸுக்கு லீவு கிடைக்கவில்லை. கரவனெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் ஸ்டோர் அவன் பொறுப்பு. விடிகாலை பஸ்ஸில் போய்விட்டான். அவனுக்குப் பதிலாகத் தங்கை குமாரி புடைவைக் கடை வேலைக்கு அரைநாள் மட்டம் போட்டு வீட்டில் நின்றாள். வேலுசாமி பாஸ் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனதும் குமாரி குசினி வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

"அண்ணி, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

"வாய மூடு."

"மெய்யாத்தான். வெள்ளச் சுவரு, வெள்ள டைலு. ஒரு ஊசிய வெச்சா சரி. ஆறு வருஷம் ஆக்கித் தின்ன வீடுன்னு யாரு நம்புவா? நேத்துத்தான் தொறந்த வீடு மாதிரியில்ல இருக்கு!"

விஜயகலாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க, ஆள் இல்லாத வீட்டை இரண்டு மாதத்துக்கு எடுத்து, பாயும் சட்டியும் கொண்டுவந்து பரப்பி வைக்கிறவர்கள் உண்டு. பார்க்க வருகிறவர்கள் அதைப் பிடிக்கத்தான் வருகிறார்கள்.

"சட்டி பானையத் தூக்கி மேல வெச்சிரலாமா, அண்ணி?"

"பாரம் வெக்க வேணாம்னாரு."

"அப்ப கொஞ்சம் மஞ்சத்தூளத் தேச்சு விடுவோம். ஒரு ஓரமா. சமைச்ச மாதிரி இருக்கும்."

"பைத்தியமா ஒனக்கு? இருக்கிற வீட்டுல இருக்கோம்னு காட்ட வேஷம் போடணுமா?"

குமாரி டிலக்ஷிக்குத் தலை சீவப் போனாள்.

பத்தேகால். விஜயகலா முன்னறையைப் பெருக்கினாள். காயப்போட்ட உடுப்பைத் தெருவுக்குத் தெரிகிற கொடிக்கு மாற்றினாள். பத்தரைக்குத் திரும்பக் குசினிக்குள் வந்தாள். டைல் வெயிலில் பளபளத்தது. அவள் கண்ணுக்கே அது யாரோ வீட்டுக் குசினியாக இருந்தது.

மஞ்சள் போத்தலைத் திறந்தாள். நாலு சொட்டுத் தேங்காயெண்ணெயில் குழைத்தாள். புது மேடையில், அடுப்பு இருந்த இடத்துக்கு இடப்பக்கம், பழைய கறை இருந்த அதே இடத்தில், இரண்டு விரலால் இழுத்துவிட்டாள். இல்லாததைச் செய்யவில்லை, இருந்ததைத் திருப்பி வைக்கிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பத்தே ஐம்பதுக்கு வாசலில் ஓட்டோ நின்றது.

உப அதிபர் ஒல்லியான மனிதர். கக்கத்தில் ஃபைல். முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு முன்னறையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டைகளை எண்ணுவதுபோலப் பார்த்தார்.

"மகளோட பேரு?"

"டிலக்ஷி," என்றாள் டிலக்ஷி.

"ராத்திரி எங்க தூங்குவீங்க?"

"அத்தைக்குப் பக்கத்துல. அத்தை கொறட்ட."

அவர் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. குமாரி தரையைப் பார்த்தாள்.

"குசினியப் பாக்கலாமா?"

வாசலிலேயே நின்றுவிட்டார். சுவர், டைல், தரையில் கேஸ் அடுப்பு, மூலையில் அடுக்கிய சட்டிகள். மேடைக்கு அருகே போனார். குனிந்தார். விரலால் மஞ்சளைத் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது காயவே இல்லையே."

அவர் விரலை விஜயகலா பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நான் இருபத்தாறு வருஷமா வாத்தியார். போன கிழமை ஒரு வீட்டுல சட்டிக்கு அடியில கடை லேபல் கிழிக்காம இருந்துச்சு. இன்னொரு வீட்டுல அரிசி மூட்டை தையல் பிரிக்கல. மஞ்சள் பூசின வீடு இதுதான் முதல்."

"சேர், அது நான்தான் வெளையாட்டுக்கு..." என்று குமாரி தொடங்கினாள்.

"இல்ல சேர். நான்தான் பூசினேன்," என்றாள் விஜயகலா.

"ஏன்?"

"இங்க ஒரு பழைய மேடை இருந்துச்சு, சேர். இந்தத் திங்கக்கிழமைதான் ஒடைச்சாங்க. எல்லாம் புதுசாப் போச்சு. புதுசப் பாத்தா நம்ப மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

"இப்ப நம்பணுமா?"

ஆறு வருடம் இந்த இடத்தில் நின்று சோறு வடித்தவள், தன் வீட்டுக் குசினியிலேயே திருடியாக நின்றாள்.

அவர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். மஞ்சள் போகவில்லை.

"பாருங்க. நான் ஒண்ணும் எழுதல. வீட்டுச் சொந்தக்காரர் எழுதிக் கையெழுத்து வெச்சுத் தரட்டும். எந்த வருஷம், எந்த மாசத்திலருந்து இருக்கீங்கன்னு. திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள என் மேசையில இருக்கணும். இல்லாட்டி எடம் அடுத்த பிள்ளைக்குப் போயிரும்."

ஓட்டோ போன சத்தம் அடங்கும்வரை விஜயகலா அசையவில்லை. பிறகு ஈரத்துணியை எடுத்து மஞ்சளைத் துடைத்தாள். டைலில் போயிற்று. இடுக்கில் வெள்ளைச் சீமெந்து அதைக் குடித்துவிட்டிருந்தது.

"நான் வரவா, அண்ணி?"

"வேணாம். டிலக்ஷியப் பாத்துக்க."

பன்னிரண்டரைக்கு அவள் போனபோது ஸுலைஹா மாமி மத்தியான ளுஹர் தொழுதுவிட்டுத் தொழுகை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். சுவர் ஒன்றுதான். நடந்தது அத்தனையும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"குந்துங்கோ, புள்ள."

விஜயகலா உட்காரவில்லை. "ஒரு கடிதம் வேணும், மாமி. ஆறு வருஷம் இருக்கோம்னு."

மாமி விரிப்பை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

"மகன் பயாஸ் கட்டார்லருந்து சொல்லிச் சொல்லி ஈக்கான். எழுதி ஒண்டும் குடுக்க வாணாம் உம்மா, மிச்ச நாள் இருந்த ஆக்கள கோர்ட்டுக்குப் போனாலும் வீட்ட விட்டு எழுப்பேலா எண்டு. இந்த வீடு ஒண்டுதான் மகளுக்கு ஈக்குது. ஆறு வருஷம் எண்டு என்ட கையால எழுதிட்டு, நாளைக்கு நீங்க போகமாட்டோம் எண்டு நிண்டா நான் எனத்த செய்ற?"

"அபீபாவுக்கு நூல் அளந்தப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

மாமியின் கை நின்றது.

"நோன்புப் பெருநாள் முடியட்டும் எண்டு பாத்த," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நோன்பு நாள்ல ஒருத்தர எழும்பச் சொல்ல வாய் வரல்ல, புள்ள."

"மேடை ஒடைக்க மட்டும் வந்துச்சு."

விஜயகலா திண்டாடியது ஒரு நிமிடம்தான். ஜனவரியில் வீடு இல்லாவிட்டால் தேடலாம். ஜனவரியில் இடம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு அந்த ஒற்றைக் கட்டிடம். இரண்டில் ஒன்றுதான் கையில் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"மாமி, நீங்க நாங்க இருந்தோம்னு எழுதித் தாங்க. டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள போயிடுறோம்னு நான் எழுதித் தாறேன்."

மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"சதீஸ்கிட்டக் கேக்க வாணாமா?"

"பேப்பர் இருக்கா, மாமி?"

அபீபாவின் பழைய கொப்பியிலிருந்து ஒரு இரட்டைத் தாளைப் பிடுங்கி நடுவில் கிழித்தார்கள். ஒரு பாதியில் ஸுலைஹா மாமி எழுதினார். 2001 ஓகஸ்ட் மாதம் முதல் இவர்கள் என் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கிறார்கள். மற்றப் பாதியில் விஜயகலா எழுதினாள். இந்த வருடம் டிசம்பர் 31க்கு முன் எந்தத் தடையும் சொல்லாமல் வீட்டை ஒப்படைப்போம். ஒரே பேனை. கையெழுத்துப் போடும்போது மாமி பிஸ்மில்லாஹ் சொன்னார். விஜயகலாவின் தாளை மடித்துத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

அவள் திரும்பி வந்ததும் குமாரி கடிதத்தைப் பிடுங்கி வாசித்தாள். குதித்தாள்.

"மாமி சும்மாவா குடுத்தாங்க?"

"சும்மாதான்."

"நம்ப முடியலையே."

"எல்லாரும் இன்னைக்கு அதையே சொல்லுங்க."

பின்னேரம் முழுவதும் அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அரிசி களைந்தாள், ஊற்றினாள், மறுபடி களைந்தாள். கேஸ் அடுப்பைத் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தினாள். சதீஸ் கோல் எடுத்தபோது, "கடிதம் கெடச்சிருச்சு" என்று மட்டும் சொன்னாள். தொழிற்சாலை இரைச்சலுக்கு மேல் அவன் சந்தோஷத்தில் சத்தம் போட்டான். மற்றத் தாளை டெலிபோனில் சொல்ல முடியாது. நேரில் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று ஆறு மணி வரை தேடினாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லி நோன்பு திறந்து அரை மணிநேரம் கழித்து சதீஸ் வந்தான். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நேரே குசினிக்கு வந்தான். மேடையைத் தட்டிப் பார்த்தான்.

"என்னா கலா, இவ்வளவு பதிவாக் கட்டியிருக்காங்க? ஒனக்கு இடுப்பு ஒடஞ்சு போகுமே."

"கடிதத்தப் பாருங்க."

அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினான். பல்புக்கு நேரே பிடித்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்கத் தொடங்கினான்.

"ஏங்க, இன்னொன்னு சொல்லணும்."

"இரு, இரு. வாசிக்கிறேன்."

பின்பக்கத்து மதிலில் ஸுலைஹா மாமியின் குரல் கேட்டது.

"கலா! கலா புள்ள! சதீஸ் வந்தாச்சா?"

விஜயகலா குசினிக் கதவுக்கு வந்து நின்றாள். உள்ளே இருப்பவனை மறைத்தபடி நின்றாள்.

"என்னா மாமி?"

"பயாஸ் இப்பதான் கோல் எடுத்த. நான் எழுதின தாள்ல ஒரு பிழை ஈக்குதாம். அதக் கொஞ்சம் கொண்டு வாங்கோ. திருத்திட்டு இப்பவே தாறன்."

மாமி ஒரு கையை மதிலுக்கு மேலே நீட்டியிருந்தார்.

காலையில் உண்மையைக் காட்டப் போய்ப் பொய்க்காரியானவள் விஜயகலா. இப்போது அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அவரு இன்னும் வரல, மாமி. கடிதத்த மத்தியானமே குமாரிகிட்டக் குடுத்து இஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்."

மதிலுக்கு மேலே கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு கீழே போயிற்று.

அவள் திரும்பினாள். சதீஸ் கடிதத்தைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் பொய் சொன்னாய் என்றுதான் அவன் முதலில் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பதில் பக்கத்து வீட்டு அலுமாரியில், அவள் கையெழுத்தோடு இருந்தது.